பம்பு கையேட்டில் ‘நீர்’ இல்லை

நீர் இறைக்கும் பம்புகளைப் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் பயிற்சிக் கையேடு ஒன்று, 212 பக்கம், என் கைக்கு வந்தது. கொடுத்தவர்கள் கேட்டவை இரண்டுதான். செல்பேசியில் படிக்கிற மாதிரி இணையப் பக்கங்கள் வேண்டும். அச்சுக்கு அனுப்புகிற மாதிரி பிடிஎஃப் வேண்டும். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வரவேண்டும் என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். ஒரு திருகின் அளவு மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும் என்று இருந்தால்தான் இப்படிப்பட்ட கையேடு உயிரோடு இருக்கும்.

மூன்று வாரம் போதும் என்று கணக்குப் போட்டேன். ஏழு வாரம் ஆனது. கருவிகளோடு மல்லுக்கட்டியது அதில் கால்வாசிகூட இல்லை. மீதி நேரமெல்லாம் எழுத்துகளுக்குள்ளேயே போனது.

வந்தவை இரண்டு வேர்டு கோப்புகள். முதல் ஐந்து இயல்கள் சமீபத்தில் யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொது முறையில், தட்டச்சிட்டவை. மற்ற ஒன்பதும் பழையவை, பாமினி எழுத்துருவில் அடித்தவை. திரையில் இரண்டும் ஒரே தமிழாகத்தான் தெரியும். ஆனால் பாமினி கோப்பில் உண்மையில் இருப்பது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்த எழுத்துரு அது. ‘நீர்’ என்று நமக்குத் தெரிவது கணினிக்குச் சின்ன ‘ஈ’, பெரிய ‘பி’, சின்ன ‘எச்’, ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவை மாற்றினால் அவ்வளவுதான், பக்கம் முழுக்க ஆங்கிலக் குப்பை.

கருவிகளைத் தேர்ந்தெடுப்பதில் அதிக நேரம் செலவிடவில்லை. மூலத்தை மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் வைப்பது, பாண்டாக் என்ற மாற்றுக் கருவியைக் கொண்டு இணையப் பக்கத்துக்கு எச்டிஎம்எல்லும் அச்சுக்குப் பிடிஎஃப்பும் எடுப்பது, திருத்த வரலாற்றைக் கிட் என்ற மென்பொருளில் வைப்பது என்று முடிவு செய்தேன். ஸ்பிங்க்ஸையும் யோசித்தேன். பைதான் மொழியின் ஆவணங்களுக்காகப் பிறந்த கருவி, பெரிய கையேடுகளுக்கு நல்லது. ஆனால் நாளைக்கு இந்தக் கையேட்டைத் திருத்தப்போகிறவர்கள் பம்பு மெக்கானிக்குகள். 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மார்க்டவுனை அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். நட்சத்திரக் குறி இரண்டு போட்டால் தடித்த எழுத்து, ஒரு கட்டக் குறி (#) போட்டால் தலைப்பு. பாண்டாக் 2006-இல் ஜான் மக்ஃபார்லேன் என்ற தத்துவப் பேராசிரியர் எழுதத் தொடங்கியது. டாக்எக்ஸ் (வேர்டு கோப்பின் வடிவம்), மார்க்டவுன், எச்டிஎம்எல், லேடெக் (அச்சுக்கோப்பு முறை) என்று எதிலிருந்தும் எதற்கும் மாற்றித்தரும். இத்தனை வருடமாக இதைப் பயன்படுத்துகிறேன், நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஆனால் பாண்டாக்கிடம் கொடுப்பதற்கு முன் பாமினியைத் தமிழாக்க வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கோப்பின் உள்ளே

டாக்எக்ஸ் கோப்பு என்பது ஒரு ஜிப் பொட்டலம். பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகளும் படங்களும் தனித்தனியாக இருக்கும். எழுத்து முழுவதும் ‘ரன்’ எனப்படும் சிறு துண்டுகளாகக் கிடக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் எந்த எழுத்துரு என்ற குறிப்பு உண்டு. பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்ற வேண்டும். பம்பின் மாடல் எண்ணும் மின்னழுத்த அளவும் உண்மையான ஆங்கிலத்தில் இருப்பதால் அவற்றைத் தொடக்கூடாது.

பைதானில் ஒரு நிரல் எழுதினேன். முதல் ஓட்டத்தில் பாதிப் பத்திகள் மாறவே இல்லை. துண்டிலேயே எழுத்துருவின் பெயர் இல்லாதபோது பத்தியின் பாணியிலிருந்து அது வருகிறது என்பதை நான் கவனிக்கவில்லை. அதைச் சரிசெய்த பிறகு அடுத்தது: ‘மோட்டார்’ என்பது சில இடங்களில் ‘ேமாட்டார்’ என்று வந்தது.

காரணம் இதுதான். பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டச்சிடுகிறோம். முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு ‘ம’, பிறகு துணைக்கால். யூனிகோடில் மெய்யெழுத்து முதலில், அதன் பின்னால் ‘ோ’ என்ற ஒரே குறி. ஆகவே கொம்பு வந்தால் அடுத்த எழுத்தைப் பார்த்து இடம் மாற்ற வேண்டும். நிரல் அதைச் செய்தது. ஆனால் வேர்டு, திருத்தும் ஒவ்வொரு தடவையும் துண்டுகளை மேலும் துண்டாக்கிக்கொண்டே போகும். கொம்பு ஒரு துண்டின் கடைசியிலும் ‘ம’ அடுத்த துண்டின் தொடக்கத்திலும் கிடந்தன. என் நிரல் துண்டு துண்டாகப் பார்த்ததால் கொம்பு அனாதையாக நின்றுவிட்டது. ஒரே எழுத்துருவில் அடுத்தடுத்து இருக்கும் துண்டுகளை முதலில் ஒட்டிவிட்டு, பிறகு மாற்றியதும் சரியானது. இதே வேலையைச் செய்யப்போகிறவர்கள் முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

மாற்றி முடித்துப் பார்த்தால் அழகான தமிழ். பத்துப் பக்கம் படித்துப் பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை. சரி, முடிந்தது என்று நினைத்து உலாவியில் ‘நீர்’ என்று தேடினேன். முதல் ஐந்து இயல்களில் நிறையக் கிடைத்தது. அடுத்த ஒன்பது இயல்களில் ஒன்றுகூட இல்லை.

துணைக்காலும் ‘ர’வும்

பம்பு கையேட்டில் ‘நீர்’ இல்லாமல் எப்படி இருக்கும்? கண்ணெதிரே பக்கத்துக்குப் பத்து இருக்கிறதே. ஒரு ‘நீர்’ சொல்லை எடுத்து ஒவ்வொரு எழுத்தின் எண்ணையும் அச்சிட்டுப் பார்த்தேன். யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். ‘ர’ இருக்க வேண்டிய இடத்தில் 2992 வரவேண்டும். வந்தது 3006. அது துணைக்கால்.

பழைய எழுத்துருக்களில் ‘ர்’, ‘ரி’, ‘ரீ’ மூன்றையும் கால் இல்லாத ‘ர’ வடிவத்தை வைத்துத் தட்டச்சிடுவது வழக்கம். துணைக்காலும் அந்த வடிவமும் ஒன்றுதான், ஒரே விசை. மேலே புள்ளி வைத்தால் ‘ர்’ போலவே இருக்கும். அச்சில் எந்தக் குறையும் தெரியாது. என் மாற்று அட்டவணையோ அந்த விசைக்கு ‘துணைக்கால்’ என்று மட்டும் வைத்திருந்தது. ஆகவே ‘நீர்’ எல்லாம் ‘நீா்’ ஆகிவிட்டது. இந்த வரியில் இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறேன், உற்றுப் பாருங்கள். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள்.

இணையத்தில் இப்படிப்பட்ட ‘ா்’ இன்றைக்கும் எத்தனையோ பக்கங்களில் கிடக்கிறது. பழைய ஆவணங்களை அவசரமாக மாற்றி ஏற்றியதன் மிச்சம் அது. தேடுகிறவருக்குக் கிடைக்காது, வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் தடுமாறும், சொற்பிழைதிருத்தி எல்லாவற்றுக்கும் சிவப்புக்கோடு போடும். எழுதியவரின் உழைப்பு கண்ணுக்குத் தெரிந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நல்லவேளை, இதில் பெரும்பகுதிக்கு விதி உண்டு. துணைக்காலுக்கு அடுத்து இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ தமிழில் வரவே வராது. எனவே துணைக்காலைத் தொடர்ந்து புள்ளி, ‘ி’, ‘ீ’ மூன்றில் ஏதாவது வந்தால் அந்தத் துணைக்கால் உண்மையில் ‘ர’தான். கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். ஒரே வரியில் முடிந்தது. ‘நீர்’ திரும்பி வந்தது.

விதிக்குள் அடங்காதவையும் இருந்தன. சில இடங்களில் தட்டச்சிட்டவர் தனி ‘ர’வுக்கும் அதே விசையை அழுத்தியிருந்தார். ‘தரம்’ என்பது ‘தாம்’ ஆகியிருந்தது. ‘தாம்’ நல்ல தமிழ்ச்சொல் என்பதால் எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. ஒன்பது இயல்களையும் வரிவரியாகப் படித்துத்தான் கண்டுபிடித்தேன். மொத்தம் பதினொன்று.

அடுத்து ‘ௌ’. பாமினியில் அதைக் கொம்பு, மெய், ‘ள’ என்று மூன்றாகத் தட்டச்சிடுவார்கள். ஆகவே ‘பௌதிக மாற்றம்’ என்பது ‘பெளதிக மாற்றம்’ ஆக வந்திருந்தது. ‘ர’வில் விதி வேலை செய்த தெம்பில், ‘ெ’யும் ‘ள’வும் சேர்ந்து வந்த எல்லா இடத்தையும் ‘ௌ’ என்று மாற்றும்படி நிரலுக்குச் சொல்லிவிட்டேன். ஒரு நொடியில் வேலை முடிந்தது. திரையிலும் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. மறுநாள் காலை ‘வெளியேற்றுக் குழாய்’ என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

பம்பில் உறிஞ்சு குழாய், வெளியேற்றுக் குழாய் இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் வரும். நான் அத்தனை ‘வெளி’யையும் ‘வௌி’ ஆக்கியிருந்தேன். ‘வெள்ளம்’, ‘தெளிவு’ எல்லாமே உள்ளே உடைந்துவிட்டன. கிட்டில் முந்தைய நிலையைச் சேமித்திருந்ததால் ஒரே கட்டளையில் பழையபடி மீட்டேன். இல்லையென்றால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. பிறகு விதியைச் சுருக்கினேன். ‘ள’வுக்கு அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே. இல்லாவிட்டால் எனக்குக் காட்டு, நான் முடிவு செய்கிறேன். காட்டியவை ஆறே ஆறு. ஆறையும் கையால் திருத்தினேன்.

கடைசியாக எழுத்துக்கோவைகளை யூனிகோடின் இயல்பாக்க முறைப்படி ஒருமைப்படுத்தினேன். ‘ொ’ என்பதை 3018 என்ற ஒரே எண்ணாகவும் எழுதலாம், 3014, 3006 என்ற இரண்டு எண்களாகவும் எழுதலாம். இரண்டும் செல்லும். ஆனால் ஒரே கோப்பில் இரண்டும் கலந்திருந்தால் பல கருவிகளில் தேடல் மறுபடியும் பாதிதான் வேலை செய்யும்.

பாண்டாக்குக்குள்

இந்தக் கட்டம் எதிர்பார்த்ததைவிடச் சுலபம். படங்களைத் தனியே பிரித்தெடுக்கும் தெரிவும், வரிகளை வெட்டாமல் விடும் தெரிவும் கொடுத்து ஓட்டினேன். தலைப்புகள் எல்லாம் தலைப்புப் பாணியில் இல்லாமல் வெறுமனே பெரிதாக, தடித்து இருந்ததால் அவை சாதாரணப் பத்திகளாக வந்தன. கையால் குறியிட்டேன். கட்டங்கள் இணைந்த அட்டவணைகள் மார்க்டவுனின் எளிய அட்டவணைக்குள் அடங்காது. அவற்றை இரண்டிரண்டாகப் பிரித்தேன். பிரித்த பிறகு படிக்கவும் எளிதாயின. வேர்டிலேயே வரைந்திருந்த அம்புக்குறிப் படங்கள் வரவில்லை. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எஸ்விஜி படங்களாகத் திரும்ப வரைந்தேன். உறுப்புகளின் பெயர்களைப் படத்தில் எழுதாமல் எண்கள் மட்டும் இட்டு, பெயர்களைக் கீழே பட்டியலில் வைத்தேன். பெயர் மாறினால் படத்தைத் தொட வேண்டாம்.

வடிவத்தைவிட முக்கியமான ஒன்று இங்கே கண்ணில் பட்டது. பழைய கையேட்டில் ‘மின்இணைப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றவும்’ என்பது 4-ஆம் படி. அதற்குக் கீழே சிவப்பில்: ‘எச்சரிக்கை: மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் இருக்கும்.’ படிப்படியாகச் செய்துகொண்டு போகிறவர் மூடியைக் கழற்றிய பிறகுதான் இதைப் படிப்பார். எச்சரிக்கை, படிக்கு முன்னால் வரவேண்டும். கையேடு முழுக்க 43 எச்சரிக்கைகளையும் அதனதன் படிக்கு மேலே ஏற்றினேன். அப்புறம் உயிராபத்து, பொருள்சேதம் என்று இரண்டு வகையாகப் பிரித்தேன். மூலத்தில் எச்சரிக்கைக்கு மேலும் கீழும் மூன்று முக்காற்புள்ளிகள் இட்டு, மேலே உள்ளதற்கு அடுத்து வகையின் பெயரை எழுதினால் போதும். பாண்டாக்கோடு ஓடும் லுவா வடிகட்டி என்ற சிறு நிரல் அதை இணையத்தில் வண்ணப்பெட்டியாகவும், அச்சில் தடித்த கரை கொண்ட கட்டமாகவும் மாற்றும். வெறும் சிவப்பு எழுத்தாக விட்டால் கறுப்பு வெள்ளை நகலில் எச்சரிக்கையே காணாமல் போய்விடும்.

பிடிஎஃப்

தமிழுக்கு, லேடெக்கின் யூனிகோட் வடிவமான ஸீலேடெக் எடுத்தேன். எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ். எழுத்துருவைச் சொல்லும் இடத்தில் ‘வரிவடிவம் தமிழ்’ என்றும் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டால் கொம்புகள் இடம் மாறாமல் நிற்கும். அதன் இன்னொரு வடிவமான லுவாலேடெக்கை எடுப்பவர்கள், எழுத்துகளை அடுக்கித்தரும் ஹார்ஃப்பஸைக் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் பிடிஎஃப்பில் நீளச் சொற்கள் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ‘பராமரிக்கப்படாதிருப்பின்’ போன்ற ஒரு சொல் வரிக்கடைசியில் வந்தால் வேறு என்ன ஆகும்? மொழி தமிழ் என்று பாலிகிளாசியா என்ற லேடெக் தொகுப்பிடம் சொன்னதும் சொல் பிரிக்கும் விதிகள் வந்து பெரும்பாலும் சரியாயிற்று. இருந்தும் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளி விழுந்தது. இருபுறமும் ஒட்டி அடுக்குவதை விட்டு, இடப்பக்கம் மட்டும் ஒட்டவைத்தேன். கையில் ஸ்பேனரோடு படிக்கிறவருக்கு வலது ஓரம் நேராக இருப்பதைவிட வரி விட்டுப்போகாமல் இருப்பதுதான் முக்கியம். பாதி வாக்கியத்தை நானே ‘பராமரிக்காவிட்டால்’ என்று எளிதாக்கினேன், அது வேறு விஷயம்.

பிறகு பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தேன். ‘ேமாட்டார்’. மறுபடியுமா என்று ஆகிவிட்டது. இந்தத் தடவை என் மூலம் சரியாகத்தான் இருந்தது. பிடிஎஃப், எழுத்துகளை வடிவங்களாக, வரைந்த வரிசையில் வைத்துக்கொள்கிறது. கொம்பு இடப்பக்கம் வரைவதால் முதலில் வருகிறது. ஸீலேடெக்கின் அடியில் ஓடும் ஸீடெக்கில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. அதன் மதிப்பை 1 என்று வைத்தால், ஒவ்வொரு சொல்லோடும் அதன் உண்மையான எழுத்துக்கோவையை ‘ஆக்சுவல்டெக்ஸ்ட்’ என்ற பெயரில் மறைவாகப் பொதிந்துவிடும். இயல்பில் அது அணைந்திருக்கும். முகப்பில் ஒரு வரி சேர்த்ததும் நகலும் தேடலும் சரியாயின. எல்லா வாசிப்பான்களும் இதை மதிப்பதில்லை, ஆனாலும் சேர்க்காமல் விடாதீர்கள்.

இணையப் பக்கங்கள்

செல்பேசிக்காக எழுத்துருவை நறுக்கி, வோஃப்2 என்ற சுருங்கிய இணைய எழுத்துரு வடிவமாக்கினேன். ஃபான்ட்டூல்ஸ் என்ற எழுத்துரு மென்பொருளில் உள்ள நறுக்கும் கருவிக்குத் தமிழ் எண் எல்லையை மட்டும் கொடுத்து, எழுத்துருவின் ‘அம்சங்கள்’ எல்லாம் அலங்காரம்தானே என்று அணைத்துவிட்டேன். பக்கத்தைத் திறந்தால் ‘கு’, ‘டி’, ‘மூ’ எல்லாம் பிரிந்து, உயிர்க்குறி தனியாக ஒட்டிக்கொண்டு நின்றது. தமிழில் அந்த அம்சங்கள்தான் எழுத்தையே உருவாக்குகின்றன. அணைக்காமல் மறுபடி நறுக்கினேன்.

வரி உயரத்தை 1.75 வைத்தேன். ‘கூ’, ‘ழு’ போன்றவற்றின் வால், கீழ்வரியின் ‘ீ’யை உரசாமல் இருக்க அது வேண்டியிருந்தது. சாய்வெழுத்தை முழுவதுமாக நீக்கினேன். நான் நறுக்கிய எழுத்துருக் கோப்பில் சாய்வு வடிவம் கிடையாது, உலாவியே வலுக்கட்டாயமாகச் சாய்த்துக் காட்டும். குறிப்புகளுக்கு மெல்லிய பின்னணி நிறம் போதும். பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல் முகப்பில் குறிப்பதும் அவசியம். திரைவாசிப்பான் எந்தக் குரலில் படிக்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது.

தலைப்புகளுக்கான இணைப்பு முகவரிகளைத் தானாக உருவாக விடவில்லை. யூனிகோட் எண்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்தும் உயிர்க்குறியும் புள்ளியும் ஒவ்வொன்றும் மூன்று பைட். முகவரியை யாராவது நகலெடுத்தால் அது விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக நீளும். ‘பராமரிப்பு’ என்ற ஒரே சொல் 90 எழுத்து. ஒவ்வொரு தலைப்புக்கும் சின்னதாக ஓர் அடையாளத்தைக் கையால் எழுதினேன். அலுப்பான வேலைதான், ஆனால் தலைப்பின் சொற்களை நாளை மாற்றினாலும் பழைய இணைப்பு உடையாது.

பின்னிணைப்பில் கலைச்சொல் பட்டியல் உண்டு. நிரலில் வரிசைப்படுத்தச் சொன்னால் ‘அனுமதி, அறிவிப்பு, அலகு, அளவு, அழுத்தம்’ என்று தந்தது. யூனிகோட் எண்வரிசை அது. நம் அகரவரிசை ‘அலகு, அழுத்தம், அளவு, அறிவிப்பு, அனுமதி’. ‘ற’வும் ‘ன’வும் கடைசியில் வருவது பள்ளியில் படித்ததுதானே. ‘அச்சு’ என்பதும் ‘அசைவு’க்கு முன்னால் வரவேண்டும், எண்வரிசையில் பின்னால் போய்விடுகிறது. ஐசியூ என்ற யூனிகோட் நிரல் நூலகத்தில் தமிழ் வரிசை விதி இருக்கிறது. பைதானிலிருந்து அதை அழைத்ததும் பட்டியல் அகராதி மாதிரி நின்றது.

கடைசி வாரம் ஒரு சோதனை நிரல் எழுதிக் கிட்டோடு பிணைத்தேன். அடுத்தடுத்து இரண்டு உயிர்க்குறி, உயிர்க்குறிக்குப் பின் புள்ளி, சொல்லின் தொடக்கத்தில் உயிர்க்குறி, பிரிந்து நிற்கும் ‘ொ’ ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் திருத்தத்தை ஏற்காது. எந்தக் கோப்பு, எந்த வரி என்று காட்டும்.

கையேட்டை ஒப்படைத்த மூன்றாம் நாள் முதல் திருத்தம் வந்தது. பேரிங் பற்றிய இயலில் ஒரு மெக்கானிக் இரண்டு வரி சேர்த்திருந்தார், பழைய குறிப்பு ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டியது. சோதனை நிறுத்திவிட்டது: இரண்டாம் வரி, ‘கிாீஸ்’. அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “என் கண்ணுக்குச் சரியாத்தானே இருக்கு?” என்றார். அந்தச் சொல்லை மட்டும் அழித்துவிட்டு உங்கள் விசைப்பலகையில் புதிதாக அடியுங்கள் என்றேன். அடித்தார். ‘கிரீஸ்’ உள்ளே போனது.